நடுக்கடையின் காரம்

சேப்பாக்கத்திலிருந்து திருவல்லிக்கேணிக்குள் மாலை ஏழு மணிக்கு நுழைந்தால் முதலில் தும்மல் வரும், அப்புறம்தான் வாசனை. எங்கேயோ ஒரு தள்ளுவண்டியில், காய்ந்த எண்ணெயில் கீறின பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் விழுந்திருக்கும். அடுத்த ஈடு சிக்கன் 65 இறங்கப்போகிறது என்று தெருவுக்கே சொல்லும் அறிவிப்பு அது.

அந்த வட்டாரத்தில் எந்தக் கடை 65-இல் காரம் அதிகம் என்று நானும் என் கல்லூரி நண்பனும் இருபது வருடமாகச் சண்டை போடுகிறோம். அவனுக்குச் சேப்பாக்கத்தில் இருக்கும் ஒரு பழைய ஹோட்டல். எனக்கு ராயப்பேட்டையில், மாடியில் நடக்கும் ஒரு மெஸ். போன தை மாதம் ஒரு சனிக்கிழமை, இன்றைக்குத் தீர்த்துவிடுவோம் என்று கிளம்பினோம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அவன் மகளும் நோட்டோடு கூட வந்தாள். ஹோட்டலில் ஒரு பிளேட் சாப்பிட்டுவிட்டு நடந்தோம். வழியில் திருவல்லிக்கேணியில் ஒரு அக்காவின் வண்டியில் நூறு கிராம் வாங்கினோம். மறுபடி நடந்து ராயப்பேட்டை மெஸ்ஸுக்குப் போனோம். ஒவ்வொரு நடையும் இருபது நிமிடம் இருக்கும். பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போட்டதில் ஹோட்டலுக்கு எட்டு, வண்டிக்கு ஆறு, மெஸ்ஸுக்கு ஐந்து. நண்பன் ஜெயித்துவிட்டான்.

அடுத்த சனிக்கிழமை எனக்கு ராயப்பேட்டையில் ஒரு வேலை இருந்ததால் அங்கிருந்து தொடங்கினோம். மெஸ்ஸுக்கு எட்டு, வண்டிக்கு ஆறு, ஹோட்டலுக்கு ஐந்து.

ஏழே நாளில் இரண்டு சமையல்காரர்களும் சொல்லிவைத்தாற்போலக் கை மாற்றியிருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. நாங்கள் கொண்டுபோன நாக்குகள்தான் வழியில் மாறியிருக்க வேண்டும். அன்று இரவு நண்பன் மகளின் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தொடங்கிய தேடல் என்னை மிளகாய்க்குள்ளும், கோழிக்குள்ளும், நரம்புக்குள்ளும் கொண்டுபோய்விட்டது.

நம் மரபு காரத்தை ஆறு சுவைகளில் ஒன்றாக, கார்ப்பு என்று எண்ணுகிறது. சாப்பாட்டு அனுபவமாகப் பார்த்தால் அது சரிதான். உடலைக் கேட்டால் வேறு பதில் வரும். இனிப்பையும் புளிப்பையும் நாக்கின் சுவை மொட்டுகள் எடுத்துச் சொல்கின்றன. காரத்தைச் சொல்வது சூட்டையும் வலியையும் மூளைக்கு எடுத்துச் செல்லும் நரம்பு. அதனால்தான் மிளகாய் கண்ணில் பட்டாலும் எரிகிறது, வெட்டுக்காயத்தில் பட்டாலும் எரிகிறது. அதனால்தான் அந்த வண்டியின் புகை வாய்க்குள் போகாமலேயே நம்மைத் தும்ம வைக்கிறது. சர்க்கரையைக் கண்ணில் போட்டால் இனிக்காது அல்லவா?

அந்த நரம்பின் முனையில் ஒரு கதவு இருக்கிறது. டி.ஆர்.பி.வி.1 என்ற புரதம் அது. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் திறந்து, ‘சுடுகிறது’ என்று செய்தி அனுப்புவது அதன் வேலை. மிளகாயில் உள்ள கேப்சைசின் என்ற மூலக்கூறு அதே கதவைச் சூடே இல்லாமல் திறந்துவிடுகிறது. கலிஃபோர்னியாவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்கூடம் 1997-இல் இந்தக் கதவைக் கண்டுபிடித்தது. வலி நரம்புகளில் இயங்கும் மரபணுத் துண்டுகளை, மிளகாயைப் பொருட்படுத்தாத சாதாரண உயிரணுக்களுக்குள் செலுத்திப் பார்த்துக்கொண்டே போனார்கள். எந்தத் துண்டு நுழைந்ததும் அந்த உயிரணு கேப்சைசினுக்குத் துடிக்கத் தொடங்கியதோ, அதுதான் கதவுக்கான மரபணு. 2021-இல் ஜூலியஸுக்கும், தொடு உணர்வின் கதவுகளைக் கண்ட ஆர்டெம் படபூட்டியனுக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ‘வாய் எரியுது’ என்று நாம் சொல்வது உவமை இல்லை. மூளைக்கு உண்மையிலேயே அந்தச் செய்திதான் போகிறது.

மிளகாய் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து போர்த்துகீசியர்களின் கப்பலில் வருவதற்கு முன்பு நம் சமையலுக்குக் காரம் கொடுத்தது மிளகு. புதிதாக வந்த காய்க்கு நம் முன்னோர் மிளகாய் என்று பெயர் வைத்தார்கள். மிளகைப் போல உறைக்கும் காய். மிளகில் இருக்கும் பைப்பரின் வேறு மூலக்கூறு, வேறு குடும்பத்துச் செடி. ஆனால் அதுவும் தட்டுவது இதே கதவைத்தான், பல மடங்கு மெதுவாக. இரண்டும் ஒரே உணர்வு என்று நாக்கை மட்டும் நம்பிப் பெயர் வைத்தவர்கள், நரம்பியல் வந்து சேர சில நூறு வருடம் முன்பே சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்தச் சொல்லை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

இனி கோழிக்கு வருவோம். இவ்வளவு மிளகாயையும் சுமந்து தட்டில் வந்து நிற்கும் கோழி, உயிரோடு இருந்தபோது ஒரு கிண்ணம் குண்டூர் மிளகாயைக் கொத்தித் தின்றிருந்தாலும் அதற்கு எரிந்திருக்காது. கோழிக்கும் டி.ஆர்.பி.வி.1 உண்டு, சூட்டுக்கும் அமிலத்துக்கும் அது திறக்கும். கேப்சைசின் பொருந்தும் இடம் மட்டும் கொஞ்சம் மாறியிருப்பதால் மிளகாய்க்குத் திறக்காது. ஜூலியஸின் ஆய்வுக்கூடமே 2002-இல் கோழியின் கதவைத் தனியாக எடுத்துப் பார்த்து இதை உறுதிசெய்தது. நம் வீடுகளில் இது பழைய செய்திதான். கூண்டுக் கிளிக்குப் பழுத்த மிளகாயைக் கொடுத்தால் நன்றாகப் பேசும் என்பார்கள். பேசுமோ என்னவோ, ரசித்துத் தின்னும்.

இது மிளகாய்ச் செடியின் ஏற்பாடு. 2001-இல் அரிசோனாவில் ஜாஷுவா டியூக்ஸ்பரியும் கேரி நாப்ஹானும் காட்டு மிளகாயை வைத்து இதைச் சோதித்தார்கள். எலி போன்ற பாலூட்டிகள் பழத்தைத் தின்றால் விதையைக் கடித்து நொறுக்கிவிடுகின்றன. எச்சத்தில் வந்த விதை முளைப்பதில்லை. பறவை முழுங்கும், பறக்கும், தொலைவில் போய் எச்சமிடும், அங்கே விதை முளைக்கும். கடிப்பவனை விரட்டி, சுமப்பவனை அழைக்க ஒரே மூலக்கூறு போதுமானதாக இருக்கிறது. அந்த விரட்டலையே காசு கொடுத்து, பறவைக் கறி மேல் தடவிச் சாப்பிடும் பாலூட்டி நாம்.

எங்கள் மார்க் புரண்டதற்கு விடையும் இந்தக் கதவில்தான் இருந்தது.

முதல் துண்டைக் கடித்ததும் காரம் உடனே தெரிவதில்லை. கேப்சைசின் கதவை வெளியிலிருந்து தட்டுவதில்லை. நரம்பின் எண்ணெய்ப் பசையுள்ள சவ்வுக்குள் ஊறி நுழைந்து, உள்பக்கமாகப் பொருந்துகிறது. அதற்குச் சில நொடிகள் ஆகும். நாம் இரண்டாம் துண்டை எடுக்கும்போதுதான் முதல் துண்டு உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும். பாரி கிரீன் என்ற ஆய்வாளர் 1989-இல் ஆட்களின் நாக்கில் மிகக் குறைந்த அளவு கேப்சைசினை நிமிடத்துக்கு ஒரு முறை வைத்துப் பார்த்தார். அளவு கூடாமலேயே எரிச்சல் கூடிக்கொண்டே போனது. பிறகு ஏறக்குறைய கால் மணி நேரம் இடைவெளி விட்டு, அதே அளவை மறுபடி வைத்தார். எரிச்சல் முன்பைவிடக் குறைந்திருந்தது. நரம்பு மரத்துப்போயிருந்தது.

கதவு திறக்கும்போது கால்சியம் அயனிகள் நரம்புக்குள் பாய்கின்றன. செய்தியைக் கிளப்ப உதவுவதும் அவைதான், கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கதவை இறுக்கிவிடுவதும் அவைதான். இறுகின கதவை அடுத்த கேப்சைசின் எளிதில் திறக்க முடியாது. ஒரே மேசையில் உட்கார்ந்து நிற்காமல் சாப்பிட்டால் காரம் மலைபோல் ஏறும். எழுந்து இருபது நிமிடம் நடந்துவிட்டு அடுத்த கடைக்குப் போனால், அங்கே உட்காருவது மரத்த நாக்கு. நாங்கள் கவனமாக வகுத்த அந்த நடை, முதல் கடைக்கே பரிசு போகும்படிச் செய்துவிட்டது.

இன்னொன்றும் அப்போது புரிந்தது. கடைசிக் கடையில் முதல் இரண்டு துண்டுகள் சப்பென்று இருந்து, ஐந்தாம் துண்டுக்கு மேல் எரியத் தொடங்கியதாக நோட்டில் குறிப்பு இருந்தது. அதையும் கிரீன் பின்னாளில் கண்டிருக்கிறார்: மரத்த நரம்பை நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருந்தால் அது மறுபடி விழித்துக்கொள்ளும்.

நண்பன் மகள் முதல் வாரமே ஒரு ரோஸ்மில்க் வாங்கிக்கொண்டாள். நாங்கள் தண்ணீராகக் குடித்தோம். கேப்சைசின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரைய மறுக்கும் என்பதால் எங்களுக்குப் பயனில்லை. பாலில் அதை இழுத்துப் போவது கொழுப்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2019-இல் ஒப்பிட்டபோது கொழுப்பு நீக்கிய பாலும் முழுப் பாலும் எரிச்சலை ஏறக்குறைய ஒரே அளவில் தணித்தன. அப்படியென்றால் பாலின் புரதத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஆனால் பால் கழுவுவது வாயைத்தான். ஏற்கெனவே மரத்த நரம்பை அது எழுப்பாது. அதனால் ரோஸ்மில்க் குடித்தவள் போட்ட மார்க்கும் எங்கள் மார்க் போலவே புரண்டிருந்தது.

நாக்கை அளவுகோலாக வைப்பதில் இருக்கும் இந்தச் சிக்கல் நூறு வருடப் பழசு. 1912-இல் வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தியலாளர், மிளகாயை ஆல்கஹாலில் ஊறவைத்து, அந்தச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து ஆட்களுக்குக் கொடுத்தார். காரம் தெரிகிறதா? இன்னும் தண்ணீர் சேர். இப்போது? காரம் மறையும் வரை எத்தனை மடங்கு நீர்க்க வேண்டியிருந்ததோ, அதுவே அந்த மிளகாயின் ஸ்கோவில் அலகு. சுத்தமான கேப்சைசினுக்கு அது 1 கோடியே 60 லட்சம். அவருக்கும் நாக்கு சோர்ந்தது, ஆளுக்கு ஆள் மாறியது. இன்று ஆய்வுக்கூடங்களில் கருவி கேப்சைசினை நேரடியாக அளந்து, அதை ஸ்கோவில் அலகாக மாற்றிச் சொல்கிறது. அந்த எளிய மனிதச் சோதனைமேல் எனக்கு இன்னும் மரியாதை உண்டு. எவ்வளவு கேப்சைசின் இருக்கிறது என்று கருவி சொல்லும். எவ்வளவு உறைக்கும் என்று கேட்டால் அதனால் சொல்ல முடியாது.

அதே 1912-இல் பிரான்சில் லூயி கமீல் மையார் என்ற வேதியியலாளர், சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து பழுப்பாவதை விவரித்தார். 65-இன் மேல்தோலில் நடப்பது அந்த வினைதான். எண்ணெய் 170, 180 டிகிரியில் இருக்கும். துண்டு விழுந்ததும் பொங்கும் குமிழ்கள் எண்ணெய் கொதிப்பதால் வருவதாகத் தோன்றும். உண்மையில் அவை மாவிலும் கறியிலும் இருக்கும் தண்ணீர் ஆவியாகி ஓடிவரும் குமிழ்கள். தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். அந்த வேகம் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்வரை எண்ணெயால் உள்ளே நுழைய முடியாது. உள்ளே ஈரம் இருக்கும்வரை கறி 100 டிகிரியைத் தாண்டாது, அதனால் மெத்தென்று வேகிறது. தோல் மட்டும் காய்ந்து சூடேறிப் பழுக்கிறது. அரிசி மாவும் சோள மாவும் சேர்ப்பதற்குக் காரணமும் உண்டு. கோதுமை மாவைப் போல அவற்றில் ஜவ்வாகும் புரதம் இல்லாததால், காய்ந்தால் மொறுமொறுவென்று நொறுங்கும். வண்டி அக்கா எண்ணெயைப் பார்ப்பதே இல்லை. சத்தம் ‘சொய்ங்’ என்பதிலிருந்து இறங்கி அடங்கும் தருணத்தில் ஜல்லிக்கரண்டியைப் போடுகிறார். ஆவி தீர்ந்து வருகிறது என்பதை அவர் காதால் அளக்கிறார்.

துண்டை வெளியே எடுத்த பிறகுதான் எண்ணெய் உள்ளே போகும். சூடு இறங்க, தோலுக்குள் இருந்த ஆவி மறுபடி நீராகச் சுருங்குகிறது, அந்த வெற்றிடம் மேலே ஒட்டிய எண்ணெயை உறிஞ்சுகிறது. அது மிளகாயில் ஊறிய எண்ணெய்; கேப்சைசினும் மிளகாயின் சிவப்பும் எண்ணெயில் கரைபவை. முதல் ஈட்டுக்கும் கடைசி ஈட்டுக்கும் நடுவில் எண்ணெய்க்கே காரம் ஏறியிருக்கும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, கடைகளை ஒப்பிட வேண்டும் என்றால் ஒரே நேரத்துக்குப் போயாக வேண்டும் என்று தெளிவானது.

மசாலாவில் முந்தின நாளே ஊறினாலும் கறிக்குள் ஆழமாகப் போவது பெரும்பாலும் உப்பு மட்டும்தான். மிளகாய் மேலே சில மில்லிமீட்டரோடு நின்றுவிடும். ஆகவே காரம் என்பது தோலின் கணக்கு. நான்கு சென்டிமீட்டர் துண்டை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் கறியின் எடை மாறாது, தோலின் பரப்பு இரண்டு மடங்காகும். ஹோட்டலில் எலும்போடு பெரிய துண்டுகள். மெஸ்ஸில் நடுத்தரம். வண்டியில், நூறு கிராம் நிறுக்கத் தோதாக, சுண்டு விரல் நுனி அளவு.

இங்கே கண்ணையும் சந்தேகிக்க வேண்டியிருந்தது. மூன்றில் ஹோட்டல் 65-தான் கண்ணைப் பறிக்கும் சிவப்பு, வண்டியில் மங்கின செம்பழுப்பு. ஆனால் சிவப்பைக் கொடுக்கும் கேப்சந்தினும் காரத்தைக் கொடுக்கும் கேப்சைசினும் வெவ்வேறு பொருட்கள். கர்நாடகத்தின் பியாடகி மிளகாய் நிறத்தில் மன்னன், காரத்தில் சாது. நம் ராமநாதபுரம் முண்டு மிளகாயும், குண்டூர் மிளகாயும் வேறு குணம். செயற்கை நிறம் சேர்த்தால் நிறத்துக்கும் காரத்துக்கும் இருக்கும் கொஞ்சத் தொடர்பும் அறுந்துவிடும். கர்நாடக அரசு 2024 ஜூனில் சிக்கன் கபாபில் செயற்கை நிறங்களைத் தடைசெய்ததே இந்த வழக்கம் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைக் காட்டும். தட்டில் சிவப்பைப் பார்த்ததும் நாக்கு எரிச்சலுக்குத் தயாராகிவிடுகிறது. நண்பனின் இருபது வருட விசுவாசத்தில் பாதி அந்தச் சிவப்புக்குச் சொந்தம் என்பது என் கணிப்பு.

இனி ஒப்பிடும்போது எலுமிச்சை பிழிவதையும் நிறுத்துவது என்று முடிவு செய்தோம். அமிலம் பட்டால் டி.ஆர்.பி.வி.1 இன்னும் எளிதாகத் திறக்கும்; ஆவி பறக்கும் சூடும் அதே கதவைத் தட்டும். சூடு, புளிப்பு, மிளகாய் மூன்றும் ஒரே வாசலில் கூடுவதால்தான் எலுமிச்சை பிழிந்த சுடச்சுட 65 அப்படி இருக்கிறது. மூன்று கடையிலும் பார்சல் வாங்கி வீட்டில் வைத்து ஒப்பிடலாம் என்ற யோசனையும் இதனால் அடிபட்டது. பார்சலில் சூடு போய்விடும், கறியின் ஈரம் தோலுக்கு ஏறி மொறுமொறுப்பும் போய்விடும். ஆறின 65-ஐ வைத்து எந்தக் கடையையும் எடை போடுவது நியாயமில்லை.

சிக்கன் 65-ஐப் பற்றி நம் ஊரில் நடக்கும் விவாதமெல்லாம் பெரும்பாலும் அதன் பெயரோடு முடிந்துவிடுகிறது. அறுபத்தைந்து மிளகாயா, அறுபத்தைந்து நாள் கோழியா, மெனுவில் அறுபத்தைந்தாவது வரியா என்று. ஏ.எம். புஹாரி 1951-இல் மவுண்ட் ரோட்டில் தொடங்கிய புஹாரி ஹோட்டல், 1965-இல் தாங்கள் அறிமுகப்படுத்தியதால் வந்த பெயர் அது என்கிறது. அங்கேயே சிக்கன் 78, 82, 90 என்று தம்பிகளும் பிறந்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் கதை போதும். அந்தச் சின்னத் துண்டுக்குள் நடப்பதுதான் இன்னும் பெரிய கதை.

நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்த நண்பன் மகள்தான் ஒரு நாள் கேட்டாள்: “மாமா, போகும்போதும் வண்டி நடுவுல, வரும்போதும் வண்டி நடுவுல. அந்த அக்கா கடைக்கு நாம ஒரு தடவைகூட முதல்ல போகலயே?”

இரண்டு பேருக்கும் பேச்சு எழவில்லை. வரிசையைத் தலைகீழாக்கினால் நியாயம் கிடைத்துவிடும் என்று நினைத்திருந்தோம். மூன்றில் நடுவில் இருப்பது தலைகீழாகப் புரட்டினாலும் நடுவிலேயே நிற்கும். இரண்டு வாரமும் மரத்த நாக்கோடு போய், அப்போதும் ஆறு மார்க் போட்டிருக்கிறோம்.

புதிதாக மூன்று சனிக்கிழமைகள் குறித்தோம். வாரம் ஒரு கடை மட்டும், மாலை ஏழரைக்கு. மற்ற நாட்களில் மிளகாய் மட்டாக வீட்டுச் சாப்பாடு. எலுமிச்சை கிடையாது, வெங்காயம் கிடையாது. முதல் துண்டைத் தின்று, ஒரு நிமிடம் பொறுத்து, ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுத வேண்டும். ஹோட்டலுக்கு மூவரும் சேர்ந்து போட்ட சராசரி ஆறரை, மெஸ்ஸுக்கு ஏழு. வண்டிக்கு ஒன்பது. மூன்றே நாக்குகள், மூன்றே மாலைகள். பெரிய ஆய்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று காகிதத்திலும் வண்டிதான் முதலிடம்.

அடுத்த சனிக்கிழமை அக்காவிடம் போய்ச் சொன்னோம். அவர் ஆச்சரியப்படவில்லை. நீங்கள் ருசி பார்த்துத்தான் காரம் போடுவீர்களா என்று கேட்டேன். “என் நாக்கு என்னிக்கோ செத்துப்போச்சு தம்பி. பதினெட்டு வருஷமா இந்தப் புகையில நிக்கிறேன். சாப்புடுறவங்க மூக்க பாப்பேன். மூணாவது துண்டுல மூக்கு நுனி வேர்த்தா மசாலா சரி.”

வாய்க்குள் கதவு திறந்து ‘சூடு’ என்று செய்தி போனால், உடம்பைக் குளிரவைக்க மூளை வியர்வையைத் திறந்துவிடும், அதுவும் நெற்றியிலும் மூக்கிலும் முதலில். சிங்கப்பூரில் டி.எஸ். லீ என்ற உடலியலாளர் மிளகாயால் வரும் முக வியர்வையை ஆராய்ந்து 1954-இல் எழுதியிருக்கிறார். அக்காவுக்கு அது வண்டியில் நின்று கிடைத்த அறிவு. ருசி சொல்லும் வாய் பொய் சொல்லலாம், மூக்கு நுனி சொல்லாது.

நான் மூன்று துண்டைத் தின்றுவிட்டு முகத்தைக் காட்டினேன். கரண்டியை நிறுத்திப் பார்த்தார்.

“உங்கள வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது தம்பி. நீங்க பழகிட்டீங்க.”

அவர் பார்வை என்னைத் தாண்டி, அப்போதுதான் சைக்கிளைச் சாய்த்துவிட்டு முதல் முறையாக நூறு கிராம் வாங்கிய ஒரு பையனின் மூக்குக்குப் போனது.